கொடுத்த கை

பிரகதாம்பாள் வரமிளகாயை அம்மியில் கொட்டி ஓங்கி அரைத்தாள். காளி கோயில் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் தும்மல் பிடித்துக்கொண்டது. அவள் மட்டும் தும்மவில்லை.

இருக்கிற ஆத்திரத்தில் மிளகாய் அவளை என்ன செய்துவிடும்?

மகன் அழகுமலை வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மும்முறை தாண்டுதலில் மாநிலத்துக்கே பேர் வாங்கித் தந்தவன். போன வருடம் அன்னவாசல் கடைத்தெருவில் அவனுக்கு ஆளுயர பிளக்ஸ் வைத்தார்கள். இப்போது அது யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்கோ கூரையாகக் கிடக்கிறது.

சிறுநீரைச் சோதித்ததில் ஊக்கமருந்து இருந்ததாம். நான்கு வருடத் தடை. கைக்கு வந்த ரயில்வே வேலை போயிற்று. பேசி முடித்த பெண் வீட்டில் போனையே எடுக்கவில்லை.

தான் எதையும் தொடவில்லை என்று அழகுமலை தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அப்படியென்றால் எவன் கலந்தான் என்று கேட்டார்கள். கோச் சூசைராஜைத் தவிர அவனுக்கு வேறு யாரும் தோன்றவில்லை. சொல்லிவிட்டான்.

அந்த மனுஷனை வேலையை விட்டே தூக்கினார்கள். அவர் வீட்டு வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அப்போதும் அவர், "நான் இல்லப்பா" என்று மட்டும்தான் சொன்னார்.

பிரகதாம்பாளுக்கு அது போதவில்லை. பெற்ற வயிறு, எரிந்துகொண்டே இருந்தது. அதனால்தான் மிளகாயும் கையுமாகக் காளியிடம் வந்திருக்கிறாள்.

"பேரு சொல்ல மாட்டேன் தாயி, ஒனக்கே தெரியும். எம்புள்ளைக்கு மருந்து குடுத்த கை எவன் கையோ, அது வெந்து புழுத்துப் போகணும். ஒரு வாய்ச் சோறு அள்ளித் திங்க முடியாமப் போகணும்."

விழுதை வழித்து எடுத்தாள். இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை சிவந்து கிடந்தன. "கையெல்லாம் எரியுது, கொஞ்சம் தண்ணி ஊத்துடா" என்றாள் மகனிடம்.

பூசாரி சோலையப்பன் தடுத்தார். பூசி முடிக்கும் வரை கையைக் கழுவக் கூடாது.

"நல்லா ரோசனை பண்ணிக்கங்க. காளி மேல பூசிட்டா பூசுனதுதான். அப்பறம் கால்ல விழுந்தாலும் திரும்ப வாங்க முடியாது."

அவள் அதற்குள் காளிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். பூசாரி மகனைப் பார்த்தார். "நீ என்ன தம்பி சொல்ற?"

அழகுமலை அம்மாவின் கைகளைப் பார்த்தான்.

நேற்றுச் சாயங்காலம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போயிருந்தான். ஜல்லிக்கட்டுக் காளை செவலைக்கு அம்மா பருத்திக்கொட்டை பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு டப்பாவைத் திறந்து அதில் ஒரு கரண்டி பொடி போட்டாள். அதே டப்பாவிலிருந்து இன்னொரு கரண்டி எடுத்து, பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த அவனுடைய பால் டம்ளரில் போட்டுக் கலக்கினாள்.

எப்போதிருந்து என்று கேட்டான்.

"நீ மொதக் கப்பு வாங்குனியே, அதுக்கு முந்துன மாசத்துலேர்ந்து. இதத் தின்னுதானே செவலை எவன் கையிலயும் பிடிபடாம நிக்குது. ஒனக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணுவேனா?"

டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. எதற்காக அவனைத் தடை செய்தார்களோ, அதே பெயர். அவளுக்கு மருந்து என்றால் ஊசி, மாத்திரை. டப்பாவில் இருப்பது தீனி.

அவள் நீட்டிய டம்ளரை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தான்.

வேலை போனது போகட்டும். தாண்டியது தன் கால்தான் என்ற நினைப்பாவது அதுவரை அவனுக்கு மிச்சம் இருந்தது. அதையும் அவள் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டாள்.

பூசாரி இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா அழுத்திப் பூசும்மா" என்றான் அழகுமலை.