டப்பாவுக்குள் ஆறாயிரம் படங்கள்

"திருட்டுன்னு நான் சொல்லல மேடம். ஆனா வேற என்ன பேர் வைக்கறதுன்னும் எனக்குத் தெரியல."

மேஜை நாற்காலி செய்து விற்கும் அந்தக் கம்பெனியின் வெப்சைட் அவள் பொறுப்பு. சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. மேனேஜருக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்த விதமே, இன்று ஒரு முடிவு தெரியாமல் எழுந்திருக்கப் போவதில்லை என்று சொன்னது.

"புரியற மாதிரி சொல்லுங்க."

"முன்னெல்லாம் வெப்சைட்ல படம் போட்டா, நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் சேரும். நான் வந்து அதை மாத்தினேன். இப்ப இங்க பட்டனைத் தட்டினா, படம் நேரா கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட்ல நாம வாடகைக்கு எடுத்த இடத்துக்குப் போயிடும். ஆபீஸ்ல ஒரு நகல்கூட தங்காது. யாரும் எதையும் வெளியே கொண்டு போக வழியில்லைன்னு நினைச்சேன்."

"ஆனா?"

"டப்பா அண்ணன் தினம் சாயங்காலம், தான் எடுத்த படம் எல்லாத்தையும் கேமராலேர்ந்து தன்னோட சொந்த ஹார்ட் டிஸ்க்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாரு."

டப்பா அண்ணன், கம்பெனியின் போட்டோகிராஃபர். ஹார்ட் டிஸ்கைத் துணியில் சுற்றி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டு திரிவார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதென்றால் மனுஷருக்கு வேப்பங்காய்.

மேடம் அவரை வரச் சொன்னார்.

"கம்பெனி படமெல்லாம் உங்க டிஸ்க்ல இருக்கா?"

"இருக்கு மேடம்."

"யாரும் வெச்சுக்கக் கூடாதுன்னு சர்க்குலர் அனுப்பினோமே, படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்புறம் எதுக்கு? போட்டிக் கம்பெனிக்குக் கொடுக்கவா?"

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"பழக்கம் மேடம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழக்கமாம், பழக்கம்!

"இது பதில் இல்ல," என்றார் மேடம். "சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கா ஒரு காரணம் சொல்லுங்க. இல்லேன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம்."

அவர் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

"டிஸ்கை அழிச்சுடுங்க," என்று மேடம் அவளிடம் சொன்னார். "அதுக்கு முன்னாடி எல்லாப் படமும் கிளவுடுல இருக்கான்னு ஒரு தடவை சரிபார்த்துடுங்க."

இருக்காமல் எங்கே போகும் என்று முணுமுணுத்துக்கொண்டே தன் இடத்துக்கு வந்து கிளவுடைத் திறந்தாள். பழைய படங்கள் ஆறாயிரத்துச் சொச்சம். ஒன்றுகூடக் குறையவில்லை. மூடப் போனவள் கண்ணில் பக்கத்துக் கட்டம் பட்டது. ஏற்றிய நாள், ஏற்றியவர்.

ஆறாயிரத்துக்கும் ஒரே பெயர்தான், டப்பா அண்ணனுடையது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமையும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் ஏற்றியிருந்தார்.

அவள் தேதியை மறுபடியும் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள்தான் அவள் இந்தக் கிளவுடு ஏற்பாட்டைச் செய்து முடித்தாள். எல்லாம் மேலே போய்விட்டது, இனி இந்தக் குப்பை எதற்கு என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஃபோல்டரைக் கையோடு அழித்தாள். அழித்த பிறகும் அவள் திரையில் படங்கள் பளிச்சென்றுதான் தெரிந்தன. நிம்மதியாக அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

கிளவுடு ஏற்பாட்டோடு வந்து, அன்று படிக்காமல் விட்ட குறிப்பை இப்போது உட்கார்ந்து படித்தாள். புதிதாகப் போடும் படங்கள் மட்டுமே நேராக கிளவுடுக்குப் போகும். பழையதைத் தனியாக ஏற்ற வேண்டும். அவள் ஏற்றவே இல்லை. அன்று அவள் பார்த்தது, பிரவுசர் தனக்கென்று சேர்த்து வைத்திருந்த நகலை.

ஓட்டமும் நடையுமாகக் கீழே போனாள். படம் எடுக்கும் அறையில் டப்பா அண்ணன் தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த சனி, ஞாயிறு..."

"ஒரு சோபாவைப் படம் எடுக்க வந்தேன்மா. வெப்சைட்டைத் திறந்தா, ஒரு ஸ்டூலைக்கூடக் காணோம். என்கிட்ட இருந்துச்சு, ஏத்திட்டேன்."

"மேடம்கிட்ட ஏன் சொல்லல? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"அந்தத் திங்கக்கிழமை உன்னை வேலைல நிரந்தரம் பண்றதைப் பத்திப் பேசப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"சரி, இன்னிக்கு? இன்னிக்கு வாயைத் திறந்திருக்கலாம்ல? நான்தானே உங்களைப் பத்திக் கோள் சொன்னேன்!"

"என் வேலையைக் காப்பாத்திக்க உன்னைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா? போம்மா, கேமரா பிடிக்கத் தெரிஞ்சவன் எங்கயாவது பிழைச்சுக்குவான்."

அவள் மாடிப்படி ஏறினாள். மேடத்தின் அறைக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். பயமாகத்தான் இருந்தது. பேசாமல் திரும்பிப் போனால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று தோன்றாமலும் இல்லை.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"என்ன, அழிச்சாச்சா?" என்றார் மேடம், தலை நிமிராமல்.

"டிஸ்கை இல்ல மேடம். நாலு மாசத்துக்கு முன்னாடி, கம்பெனியோட ஆறாயிரம் படத்தையும் நான்தான் அழிச்சேன். அண்ணன் உங்ககிட்ட சொல்லாம மறைச்ச காரணம் அதுதான்."