அழாத பிள்ளை

புவனேஸ்வரியைத் தூக்க இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. மகன் தமிழரசன் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை.

நேற்று மத்தியானம் முந்திரிக்கொல்லையில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

ஐஸ் பெட்டியை ஒட்டிச் சம்மணம் போட்டு, கண்ணாடியில் வேர்த்த ஈரத்தை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தான் அவன். வயது இருபத்து மூன்று. ஆட்டிசம்.

ஆண்டிமடத்துச் சனத்துக்கு வாய் சும்மா இருக்குமா? பெற்றவள் போனதுகூடத் தெரியவில்லையே, கொடுத்துவைத்த பிறவிதான் என்றாள் ஒருத்தி. மேளம் வேண்டாம் என்று அப்பன் அமிர்தலிங்கம் சொல்லிவிட்டதில் பங்காளிகளுக்கு வேறு கோபம். மேளம் அடித்தால் பையன் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். மேளம் இல்லாமல் ஒரு சாவா என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அவருக்குத் தெரியும், பிள்ளைக்கு எல்லாம் தெரியுமென்று. விடிந்ததிலிருந்து மணிக்கட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது.

அடக்கிய அழுகை எங்கேயும் போய்விடாது, இப்படிக் கடித்துத்தான் வெளியே வரும் என்று மஞ்சு சொல்லியிருந்தாள். அரியலூரிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து தமிழரசனுக்கு நடத்தைப் பயிற்சி கொடுக்கிறவள். பயிற்சி என்றதும் பிரம்போடு வருவாள் என்றுதான் அமிர்தலிங்கம் நினைத்திருந்தார். அவளோ, தொடட்டுமா என்று கேட்காமல் அவன் விரலைக்கூடத் தொடமாட்டாள்.

முதல் நாள் அவளிடமே பெருமை பேசினார் மனுஷன். சின்னதில் ஊரைக் கூட்டி அழுவான், அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான், ஆறே மாதத்தில் நிறுத்திக் காட்டினேன் என்றார்.

மஞ்சு திட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினாள். அவன் நிறுத்தவில்லை, பயந்துவிட்டான் என்றாள்.

அன்றைக்கு விட்டதுதான். எட்டு மாதமாகப் பிள்ளைமேல் கை படவில்லை. ஆனாலும் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அவன் சுவரோரம் ஒண்டுவது மட்டும் நிற்கவில்லை.

இன்றைக்கு ஒருநாள் அவன் வாய்விட்டு அழுதுவிட வேண்டும். பெற்றவளுக்காக அழக்கூட முடியாதபடி அவனை ஆக்கிவைத்த பாவம் தன் தலையில்தான் விடியும் என்று அவருக்குப் பட்டது. காலையிலிருந்து நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார், அழுடா, அழுடா என்று. அவன் இன்னும் குறுகினான்.

வாசலில் பாடை கட்டி முடித்துவிட்டார்கள். சேதி கேட்டு வந்திருந்த மஞ்சு, அவர் பக்கத்தில் குந்தினாள்.

"அவன அழச் சொல்லாதீங்கண்ணே. நீங்க அழுங்க. அழுதா ஒண்ணும் ஆகாதுன்னு அவன் கண்ணால பாக்கட்டும்."

பிள்ளைக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். புவனா என்று ஒருதரம் கூப்பிட்டார். அதற்குமேல் தாங்கவில்லை. ஆம்பிளை என்கிற வீம்பெல்லாம் போன இடம் தெரியவில்லை, ஓவென்று அழுதார்.

தமிழரசன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவரைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான்.

பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்தான். தானாகவே நகர்ந்து வந்து அப்பன் தலையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. அமிர்தலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பியது. பிள்ளை தன்னை மன்னித்துவிட்டான் என்றுதான் நினைத்தார்.

உள்ளங்கையால் அவர் வாயை இறுகப் பொத்தினான் தமிழரசன்.

அவனுக்குச் சொந்தமாகப் பேச வராது. காதில் விழுந்ததை, சொன்னவர் குரலிலேயே அப்படியே திருப்பிச் சொல்லத்தான் வரும். அவர் காதோரம் குனிந்து, கண்ணை வாசலிலேயே வைத்துக்கொண்டு, புவனேஸ்வரியின் குரலில் ரகசியமாகச் சொன்னான்.

"அழாத சாமி. உங்கப்பா வந்துடப் போவுது."