மோதிரவிரல்

ஓசோங் மருந்தாலையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், முகமூடிப் பெண்கள் உயிரணுக் குப்பிகளை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவை மூடி, மோதிரவிரலால் இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். பேராசிரியர் பியோ பார்லித் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்க்கிறார். அப்படித் தட்டியவள் அவர் மனைவி ரன்ஹி; உயிரணுக்களைத் தூங்கவைக்கிறேன் என்பாள். காப்புரிமையோடு அவர் ஆலைக்குக் கொடுத்த செய்முறை வீடியோவில் இருப்பது, இறந்துபோன அவளுடைய கைகள். மாலை வெயில் வெள்ளை அங்கிகளில் சாய்கிறது. கண்கள் வேறு வேறு, விரல் மட்டும் அவளுடையது. கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் வராது. அவருக்குக் கேட்கிறது.

"வீடியோல உள்ளத ஒண்ணு விடாம செய்றோம் புரொபசர்," என்கிறாள் மேலாளர் குவாக். "உள்ள பேய் இருக்கா, தட்டிட்டே இருக்கோமேன்னு பொண்ணுங்க கிண்டல் பண்றாங்க. அத மட்டும் எடுத்துடலாமா?"

டொக், டொக்.

"எடுத்துடாதீங்க," என்கிறார் பியோ. "அது இல்லேன்னா பிழைக்காது."