கொடி ஏறுவதற்குள்

மழைத்தண்ணீர் சேர்ந்து ஆறு இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வெயில் பட்டுக் கண் கூசுகிறது. படகுப் பந்தயம் தொடங்க இரண்டே நிமிடம். கண்காணிப்புப் படகில் உட்கார்ந்திருக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிவப்புக் கொடியைச் சுருட்டுகிறாள், பிரிக்கிறாள். பக்கத்துப் படகில் இருபது துடுப்புக்காரர்கள். ஒருவன் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. கரையில் இருபது ஜாக்கெட்டையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். "அண்ணே, ஜாக்கெட்டெல்லாம் எங்க?" அந்தப் படகில் சுக்கான் பிடித்திருக்கும் அவள் அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. "பலகை குத்துது தங்கச்சி. அடியில போட்டு உட்கார்ந்திருக்கோம்." "எடுத்து மாட்டுங்க. இல்லன்னா கொடியத் தூக்கிப் பந்தயத்த நிறுத்திடுவேன், அண்ணன்னு பார்க்க மாட்டேன்." கரையில் கூட்டம் பொறுமையிழந்து கத்துகிறது. அண்ணன் அவள் உட்கார்ந்திருக்கும் பலகையையே பார்க்கிறான். "மாட்டுறோம். முதல்ல நீ எழுந்திரு." அவளுக்கு அடியிலிருந்து அவளுடைய ஆரஞ்சு நிற ஜாக்கெட்டின் நாடா படகு விளிம்பைத் தாண்டித் தொங்கி, ஓடும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஆடுகிறது.