கறார் தாத்தா

மாப்பிள்ளையின் திருத்தம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியின் கறுப்புத் திரையை முறைத்துக்கொண்டிருந்தார். அவர் திருத்தம் அனுப்பியது, பழைய புகைப்படங்களைத் தேதிவாரியாக அடுக்கித் தரும் இலவசக் கருவி ஒன்றுக்கு. கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஏற்பது பராமரிப்பவர் கையில்.

"மறுபடி அதே ஒத்த வரிதான் அத்தை. 'புதுக் கணினியில் நிறுவி, சோதித்து அனுப்பவும்.' பேர்கூடப் போடாத கறார் தாத்தா. வீட்டுல உப்பைக்கூட எண்ணித்தான் போடுவாரு போல."

நான் சிரிக்கவில்லை.

வேலை போனதிலிருந்து மாப்பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். திங்களன்று நேர்காணல். இப்படிப் பொதுக் கருவி ஒன்றில் ஏற்கப்பட்ட திருத்தத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று உறவில் ஏற்கெனவே பேச்சு.

எங்கள் குடும்பத்தில் சிபாரிசால் எங்கும் நுழைந்தவர் கிடையாது.

"உங்க லேப்டாப்ப ஒரு மணி நேரம் தர்றீங்களா அத்தை? அதுல இந்தக் கருவியெல்லாம் இருக்காதே."

"தர முடியாது மாப்பிள்ளை."

"குடுத்தா தேஞ்சா போயிடும்?" என்று மகள் என்னை முறைத்துவிட்டு, தன்னுடையதைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள்.

பங்களிப்பவர்களுக்கான வழிகாட்டியைப் பார்த்து முதலிலிருந்து நிறுவினார். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. அதைக் கவனித்தேன்.

சோதனையை ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பு; எல்லாமே தோல்வி.

வெகுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். தன் கணினியில் மட்டுமே இருக்கும் ஒரு கோப்புறையில் போய்ப் படங்களைத் தேடும்படி எழுதியிருந்தார். அங்கே ஓடும். உலகத்தில் வேறெங்கும் ஓடாது.

ஒரே ஒரு வரியை மாற்றினார்.

பச்சை. அடுத்ததும் பச்சை. கடைசிவரை பச்சை.

"அனுப்பிட்டேன் அத்தை."

நான் எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் மடிக்கணினியைத் திறந்தேன்.

அவர் அனுப்பியதை வரி வரியாகப் படித்தேன். குறை தேடினேன். அகப்படவில்லை.

ஏற்றுக்கொண்டேன்.

கூடத்தில் நாற்காலி சாயும் சத்தம். "ஏத்துக்கிட்டாரு, தாத்தா ஏத்துக்கிட்டாரு!"

முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"உங்க சொந்தத் திறமையில ஜெயிச்சீங்க மாப்பிள்ளை."

தாத்தா என்றதுதான் கொஞ்சம் உறுத்தியது.