தொட்டால் சொல்ல வேண்டும்

"கண்ணை மூடிக்கங்க தம்பி. தொடுற எடத்தை விரலால காட்டுங்க."

சிலுவைராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

பஞ்சைத் திரித்து, அதன் நுனியால் அவன் முழங்கையைத் தொட்டேன். சரியாகக் காட்டினான். தோள்பட்டை. அதையும் காட்டினான்.

அடுத்தது கால். இடது கெண்டைக்காலில் கத்தரிப்பூ நிறத்தில் மூன்று தடிப்புகள். பெரியதைத் தொட்டேன்.

"தெரியல," என்றான்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் மனைவி ஜெயமேரி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

நான் தொழுநோய்த் தடுப்பு ஊழியன். கோட்டுச்சேரிக்குள் என் சைக்கிள் நுழைந்தாலே நாலு வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். பெண் பார்க்க வரும் நாளில் நான் தெருவில் நின்றால் போதும், கல்யாணமே நின்றுபோகும் என்று என் காதுபடவே பேசுவார்கள். அப்படிப்பட்ட என்னை இந்த வீட்டுக்கு ஆள் விட்டு அழைத்திருந்தாள் அந்தப் பெண்.

அவன் பாரிசில் ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்தவன். போன விடுமுறையில் கல்யாணம். இந்தத் தடவை வந்து நாலு மாசமாகியும் திரும்பிப் போகவில்லை. காலில் என்ன என்று அவள் கேட்டால் லுங்கியை இழுத்து மூடிக்கொள்கிறானாம்.

இரண்டாவது தடிப்பைத் தொட்டேன்.

"தெரியல."

எனக்கு எங்கோ இடித்தது. பஞ்சை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவனும் சும்மா இருந்தான்.

தொட்டேன்.

"தெரியல."

மறுபடி நிறுத்தினேன். பேச்சில்லை. இந்தத் தடவை இன்னும் அதிக நேரம். அவன் கழுத்தில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

தொட்டேன்.

"தெரியல."

உணர்ச்சி இல்லாதவனுக்கு நான் தொட்ட நேரம் மட்டும் எப்படித் தெரியும்?

சுருக்கென்று கோபம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் பொய் சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் எல்லோரும் சொல்வது ஒரே பொய்தான்: தெரியுது சார், நல்லாத் தெரியுது. அறவே உணர்ச்சி செத்தவர்கள்கூடக் குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள். இல்லாத நோயை இருக்கிறது என்று சாதித்தவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முழங்காலுக்கு வெளிப்பக்கம் நரம்பைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை.

"பெருவியாதி இல்லம்மா," என்று அவளிடம் சொன்னேன்.

"மாதாவே!" என்று கத்தியே விட்டாள். உள்ளே ஓடினாள். மெழுகுவத்தி ஏற்ற நெருப்புக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டது.

சிலுவைராஜ் கண்ணைத் திறந்தான். நல்ல சேதி கேட்ட முகமா அது? முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் தம்பி?" என்றேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். வேர்வையில் நனைந்து காய்ந்து, மடிப்பெல்லாம் நைந்திருந்தது. பிரெஞ்சு. என் வயதுக்காரர்களுக்கு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் பள்ளிக்கூடமே பிரெஞ்சில்தான். வாசித்தேன்.

பாரிசில் ஒரு மருத்துவர் எழுதியது. ஊருக்குக் கிளம்பும் முன் அவன் காலில் கிள்ளியெடுத்த சதையின் சோதனை முடிவு வந்துவிட்டது. அது ஒரு புற்றுநோய். ரத்தத்தில் அந்தப் புதுக் கிருமி இருப்பவர்களுக்கு வருவது. எந்தக் கிருமி என்று எனக்குப் புரிந்தது. நம் பத்திரிகைகள் எய்ட்ஸ் என்று அப்போதுதான் எழுத ஆரம்பித்திருந்தன.

ஒரு புது ஊசியைப் பன்னிரண்டு பேருக்குப் போட்டுப் பார்க்கிறோம், குணமாகும் என்று வாக்குத் தர முடியாது, ஆனால் நான்கு பேருக்குத் தடிப்பு மங்கியிருக்கிறது, ஓர் இடம் உங்களுக்காக வைத்திருக்கிறேன், அடுத்த மாதக் கடைசிக்குள் வாருங்கள் என்று எழுதியிருந்தார். கீழே தனியாக ஒரு வரி: உங்கள் மனைவியின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும், அவசியம் அழைத்து வாருங்கள்.

தேதியைப் பார்த்தேன். ஆறு வாரம் ஆகியிருந்தது. இன்னும் பதினெட்டு நாள் பாக்கி.

"பெருவியாதின்னா ரெண்டு வருஷம் மாத்திரை. நீங்களே வீட்டுல கொண்டாந்து குடுப்பீங்க," என்றான் தாழ்ந்த குரலில். "அதை அவகிட்ட சொல்லிடலாம் சார். இதை எப்படிச் சொல்லுவேன்?"

கோபம் போன இடம் தெரியவில்லை.

ஜெயமேரி திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கண் மட்டும் இன்னும் சிவந்திருந்தது.

"இது என்னன்னு தெரியற வரைக்கும் இவங்ககிட்டகூடச் சொல்லாம வச்சிருந்தேன் சார். இனிமே சொல்லலாம்ல?" என்றவள் கணவனைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு மூணு மாசம்."

கடிதம் என் கையில் விரிந்தபடி இருந்தது. அதை மடிப்பதா, மறைப்பதா என்று எனக்கே தெரியவில்லை.

சிலுவைராஜ் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். பையில் வைக்கவில்லை.

"பாரிசுக்குப் போகணும் ஜெயா. இந்த மாசத்துக்குள்ள. நீயும் வரணும்."

அவள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ நாளாக அடக்கிவைத்த சிரிப்பு.

"ஏங்க, பிள்ளை அங்கயே பொறக்கட்டும்னா?" என்றாள்.