நிலாத் தரையில் ஒரு செருப்புத் தடம்

அறிவியல் காட்சிக்கூடத்தின் நிலா அறையில் மதியம் மூன்று மணிக்கு ஈ காக்கா இல்லை. நிலாவிலும் ஈ காக்கா கிடையாது என்பதால் காவலாளிக்கு அதில் குறையொன்றும் இல்லை. கயிற்றுக்கு அப்பால், சாம்பல் பொடி பரப்பிய நிலாத் தரை ஒற்றை விளக்கின் சாய்ந்த வெளிச்சத்தில் கிடக்கிறது. அதன் ஓரத்தில் குதிகால் தேய்ந்த ஒரு செருப்புத் தடம். இங்கே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, உருண்டோடிய சாப்பாட்டு டப்பா மூடியை எடுக்கக் கயிறு தாண்டி வைத்த கால் அது. அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். தினமும் பொடியைச் சமன் செய்கிற காவலாளியின் கட்டை, எட்டு மாதமாக அந்த மூலைக்கு மட்டும் வழி தெரியாமல் திரும்பிவிடுகிறது.

மேலாளர் எட்டிப் பார்க்கிறார். "அண்ணே, அந்தத் தடத்தை அழிங்கண்ணே. நிலாவுக்குச் செருப்பு மாட்டிக்கிட்டா போனாங்கன்னு ஜனங்க சிரிக்கிறாங்க."

"நிலாவுல காத்து இல்ல சார். தடம் விழுந்தா லட்சக்கணக்கான வருஷம் அப்படியே இருக்கும்னு நீங்கதானே சுவத்துல எழுதி வச்சிருக்கீங்க."

"நீங்க அழிக்காட்டியும் இந்த மின்விசிறி அழிச்சிரும்," என்று சொல்லிவிட்டு மேலாளர் போகிறார்.

நியாயமான பேச்சு. காவலாளி எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு, கழுத்தில் வேர்வை வழிய உட்கார்ந்திருக்கிறார். காற்றில்லாத இடத்தில் குரல் கேட்காது என்றும் அதே சுவரில்தான் எழுதியிருக்கிறது. இருந்தாலும், "சாப்பிட்டியா?" என்று மெல்லக் கேட்டுப் பார்க்கிறார்.